தொண்ணூற்றேழாம் நாள்

'போகட்டும். தொல்லை விட்டது.'

பாயில் கிடத்தியிருந்த உடலைப் பார்த்ததும் அம்பிளியின் மனதில் முதலில் ஓடியது அதுதான். சப் இன்ஸ்பெக்டரான அவள் தொப்பியைக் கழற்றி மழைத்தண்ணீரை உதறினாள். அந்த வார்த்தைகள் இந்த மனிதனுக்காகப் பிறந்தவை அல்ல. பதினேழு வயதில், சாராயக்கடைப் பின்புறத்திலிருந்து அப்பாவின் உடலைத் தூக்கி வந்து கூடத்தில் போட்டபோது, சமையலறையில் நின்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டவை. அன்றிலிருந்து அவை போகவில்லை. பன்னிரண்டு வருடப் போலீஸ் வேலையில், குடித்துச் செத்தவனின் வீட்டுக்குள் நுழையும் போதெல்லாம் அவள் முதலில் தேடுவது முகங்களைத்தான். வேறு யாருக்கெல்லாம் அதே நினைப்பு ஓடுகிறது?

வேலியோரம் நின்றவர்கள் எல்லோருக்கும் ஓடியது. மறைக்கக்கூட இல்லை.

"தண்ணியிலயே வாழ்ந்தான், தண்ணியிலயே போனான்" என்றான் ஒருவன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஜூலை 2, காலை 6.50.

இறந்தவன் தொம்மிச்சன். வயது முப்பத்தெட்டு. கல்லேப்பாறையில் இலவுங்கல் வீட்டு இளைய மகன். லாரி டிரைவர். மனைவி பின்சி குவைத்தில் நர்ஸ். ஒன்பது வயது மகளும் அங்கேயே. இங்கே இருப்பது எல்லோரும் அம்மச்சி என்று அழைக்கும் அம்மா ஏலியாம்மா, அண்ணன் மாத்துக்குட்டி, அண்ணனின் குடும்பம். விடிகாலையில் பால் கறக்கப் போன அண்ணன்தான் கிணற்றில் பார்த்திருக்கிறான்.

"அரை மணி நேர வேலை மேடம்" என்றார் உதவி சப் இன்ஸ்பெக்டர் சசாங்கன். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். "இதே கிணத்துல ஏற்கெனவே ரெண்டு தடவை எறங்கப் பாத்தவன். மூணாவது தடவை பாஸாயிட்டான்."

"வாயைக் கழுவிட்டு வாங்க சேட்டா."

"கழுவத்தான் மேடம் தண்ணி இல்ல. கிணத்துல ஆள் கெடந்துச்சே."

அம்பிளி கிணற்றை நோக்கி நடந்தாள். கால் வலித்தது. முந்தாநாள் மாலை முழுவதும் ஜங்ஷன் மதுக்கடை வாசலில் வரிசையை ஒழுங்குபடுத்தி நின்றதில் முழங்கால் வீங்கியிருந்தது. மாதத்தின் கடைசி நாள். ஒன்றாம் தேதிக்கும் சேர்த்து வாங்குகிறவர்களின் வரிசை ரேஷன் கடையைத் தாண்டிப் போயிருந்தது.

கிணற்றைச் சுற்றி வந்தாள். இரும்புக் கம்பி மூடி. ஒரு பக்கம் திறந்து கிடந்தது. பூட்டு கொக்கியில் தொங்க, சாவி பூட்டிலேயே இருந்தது. கிணற்றுச் சுவரின் மேல் ஒரு ரம் பாட்டில், முக்கால்வாசி காலி. பக்கத்தில் ஓர் எவர்சில்வர் தம்ளர். பாட்டிலில் லேபிள் இல்லை. மழையில் கரைந்து உரிந்ததுபோலவும் இல்லை; கீழே துண்டு காகிதம்கூடக் கிடக்கவில்லை. கண்ணாடி வழவழவென்று இருந்தது.

காலை 7.20.

மாத்துக்குட்டி வெள்ளை வேட்டியில் நேராக நின்றான். நாற்பத்தாறு வயது. பள்ளிக் கமிட்டி, தேவாலயத் திருவிழாக் கமிட்டி, ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் எல்லாவற்றிலும் இருப்பவன். பீடிகூடத் தொடாதவன் என்று ஊரே சொல்லும். அவள் கேட்பதற்கு முன்பே பேசினான்.

"தற்கொலைதான் மேடம். அப்படியே எழுதிக்குங்க. வீட்டுல யாருக்கும் ஆட்சேபணை இல்ல."

அம்பிளியின் பேனா ஒரு நொடி நின்றது. இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அவள் எத்தனையோ சாவுகள் பார்த்துவிட்டாள். மருந்து குடித்தவனைப் பாம்பு கடித்தது என்பார்கள். ஆற்றில் குதித்தவன் குளிக்கப் போனான் என்பார்கள். தற்கொலை என்ற சொல் மட்டும் வேண்டாம் மேடம் என்று காலைப் பிடிப்பார்கள். காரணம் கல்லறைத் தோட்டத்தின் மேற்கு மூலையில், தற்கொலை செய்தவர்களை ஜெபமில்லாமல் புதைத்த இடம். தெம்மாடிக்குழி. இப்போதெல்லாம் தேவாலயத்து அச்சன் யாரையும் அங்கே அனுப்புவதில்லை என்றாலும், ஊர் மனதில் அந்தக் குழி மூடப்படவில்லை. அந்தச் சொல்லை எழுதுங்கள் என்று கேட்டு வந்த முதல் ஆள் இவன்.

"கிணத்துச் சாவி யாருகிட்ட இருக்கும்?"

"என்கிட்ட. நேத்து காலையில மோட்டார் தண்ணி இழுக்கல. அடி வால்வைப் பாக்கத் திறந்தேன். பூட்ட மறந்துட்டேன். அது என் தப்பு."

"நேத்து வீட்டுல யார் இருந்தா?"

"அவன் மட்டும்தான். எங்க எல்லாருக்கும் பக்கத்து ஊர்ல ஒரு நாள் ஜெபத் தியானம். எட்டரைக்கு அம்மச்சியையும் என் பொண்டாட்டி பிள்ளைகளையும் ஜீப்ல கூட்டிட்டுப் போனேன். திரும்பி வர ராத்திரி ஒன்பது ஆச்சு. அவன் ரூம் சாத்தியிருந்துச்சு, தூங்குறான்னு நெனச்சோம்."

"நடுவுல யாரும் வரலையா?"

"பதினோரு மணிக்கு மாட்டுக்குத் தண்ணி காட்ட நான் மட்டும் வந்தேன். வர்ற வழியில ஜங்ஷன்ல அவனைப் பாத்தேன் மேடம். மதுக்கடையிலேர்ந்து வெளிய வர்றான். கையில பேப்பர் சுத்தின பாட்டில்."

"நிறுத்திக் கேக்கலையா?"

"பதினஞ்சு வருஷம் சாக்கடையிலேர்ந்து தூக்கித் தூக்கிக் கை மரத்துப்போச்சு மேடம். நடுரோட்டுல அடிதடி வேண்டாம்னு போயிட்டேன்."

"அவரோட போன்?"

"ரிப்பேர். நேத்து தியானத்துக்குப் போற வழியில நான்தான் கடையில கொடுத்தேன்."

அவள் எல்லாவற்றையும் அவன் சொன்னபடியே எழுதினாள். அவன் வாங்கி நிதானமாகப் படித்து, கீழே கையெழுத்துப் போட்டான். எழுத்து அழகாக இருந்தது.

காலை 8.10.

தொம்மிச்சனின் அறை. படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. சுவரில் தேவாலயக் காலண்டர். மார்ச் இருபத்தேழில் தொடங்கி ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு மையில் ஓர் எண். ஒன்று, இரண்டு, மூன்று. முதல் வாரத்து எண்கள் கோணல்மாணலாக நடுங்கின. ஐம்பதுக்குப் பிறகு நேராயின. ஜூலை ஒன்றாம் தேதிக் கட்டத்தில் 97. ஐந்தாம் தேதிக் கட்டத்தில் 'பத்திரப் பதிவு, 11 மணி'.

ஏலியாம்மா பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். எழுபத்திரண்டு வயது. அழவில்லை. மடியில் கையை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சாம் தேதி என்ன பதிவு அம்மச்சி?"

"இந்த வீடு. எங்க வழக்கத்துல வீடு இளையவனுக்குத்தான். இவன் குடிச்சுக் கெடந்த காலத்துல மூத்தவனுக்கே எழுதுறேன்னு சொல்லியிருந்தேன். அவன்தான் கூரை மாத்தினான், கெணறு தூர் எடுத்தான், எல்லாம் அவன்தான்." கிழவி நிறுத்தினாள். "இளையவன் மாறிட்டான். மனசு கேக்கல. வழக்கப்படியே செய்யலாம்னு சொல்லிட்டேன்."

"மூத்தவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. சரி அம்மச்சின்னுதான் சொன்னான்."

அப்போது குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. பின்சியின் குரல் வறண்டிருந்தது. அழுது முடித்துவிட்டுப் பேசுகிற குரல்.

"மேடம், நாளைக்கு மூணு மணிக்கு மகளோட வந்துடுவேன். அதுவரைக்கும் அந்த வார்த்தையை எழுதிடாதீங்க. மாத்துக்குட்டிச் சேட்டாயி என்கிட்டயும் தற்கொலைன்னுதான் சொன்னார். பதிமூணு வருஷம் இந்த மனுஷன்கூட வாழ்ந்திருக்கேன். என்னை அடிச்சிருக்கார், நகையை வித்திருக்கார், எல்லாம் செஞ்சிருக்கார். ஆனா குடிக்காத நேரத்துல ஒரு நாள்கூடச் சாகணும்னு சொன்னதில்ல. சரக்கு உள்ள போனாத்தான் அந்தப் பேச்சே வரும்."

"குடிச்சிருக்காரே பின்சி."

"அதான் மேடம் கேக்குறேன். தொண்ணூத்தாறு நாள் குடிக்காத மனுஷன் தொண்ணூத்தேழாவது நாள் ஏன் குடிச்சார்? அதைக் கண்டுபிடிச்சுட்டு என்ன வேணா எழுதுங்க. என் பொண்ணு பெரியவளானதும் அந்தக் காகிதத்தைப் படிப்பா."

காலை 11.30. குடிமீட்பு ஆஸ்பத்திரி.

டாக்டர் ரஹீனா செய்தி கேட்டு ஒரு நிமிடம் கண்ணாடியைத் துடைத்தாள்.

"இருபத்தொரு நாள் இங்க இருந்தார், வீட்டுக் காலண்டரையும் கூடவே வெச்சுக்கிட்டு. ஊர்ல என்ன நெனக்கிறாங்க? குடிகாரன் வாழ்க்கை வெறுத்துச் சாகுறான்னு. நான் பாக்குறது வேற. சாகணுங்கிற எண்ணத்தை அந்தச் சரக்கே கொண்டு வந்து கையில கொடுக்குது. தைரியத்தையும் அதுவே கொடுக்குது. தடுக்கிற புத்தியை மட்டும் எடுத்துக்குது. போதை எறங்கினதும் பல பேருக்கு அந்த எண்ணமும் போயிடும். அதுக்குள்ள பக்கத்துல ஒரு ஆள் இருந்தா போதும், பொழைச்சுப்பாங்க."

"மூணு மாசம் விட்டவருக்குமா?"

"அவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். விட்டு ஆறு மாசத்துக்குள்ள ஒரு தடவை வழுக்கினா, அந்த வெட்கம் சாதாரண வெட்கம் இல்ல. அத்தனை நாளும் பொய்யாப் போச்சுன்னு தோணும். ஏற்கெனவே ரெண்டு தடவை முயற்சி பண்ணினவர் வேற. அதனால வீட்டுக்கு அனுப்புறப்ப நாலு விஷயம் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குள்ள பாட்டில் வரக் கூடாது. தனியா விடக் கூடாது. கிணத்துக்கு மூடி போட்டுப் பூட்டணும். போன் எப்பவும் கையில இருக்கணும். தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க குழுவுல ஒருத்தர்கிட்ட பேசுவார். தவறினதே இல்ல. நேத்து மட்டும் பேசல."

"இதையெல்லாம் யாருகிட்ட சொன்னீங்க டாக்டர்?"

"கூட இருந்து பாத்துக்கிட்டவர்கிட்ட. அண்ணன். தங்கமான மனுஷன். மறுபடியும் மறுபடியும் கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டார்."

அம்பிளி தன் நோட்டைப் பார்த்தாள். மோட்டார் பழுது: கிணறு திறந்தது. தியானம்: ஆள் தனியானான். ரிப்பேர்: போன் போனது. மூன்றுக்கும் காரணம் இருந்தது. ஒவ்வொன்றும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. நான்காவது பாட்டில். அதை அவனே போய் வாங்கினான். அண்ணன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

அங்கேதான் எல்லாம் முட்டி நின்றது.

மதியம் 2.00.

ஜீப்பில் சசாங்கன் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன சேட்டா, தலைவலியா?"

"நேத்து ஒரு சொட்டு இல்ல மேடம். முந்தாநாள் வரிசையில நிக்கலாம்னா நீங்க அங்க டியூட்டியில நிக்கிறீங்க. யூனிபாரத்தோட மானம் போயிடுமேன்னு வந்துட்டேன். நேத்து எங்க போறது? ஒண்ணாம் தேதி. நாடே காஞ்சு கெடக்கு."

அம்பிளி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

சாலையோரம் மழை பெய்துகொண்டிருந்தது. அவள் நோட்டைத் திறந்து மாத்துக்குட்டியின் வாக்குமூலத்தைப் படித்தாள். மதுக்கடையிலேர்ந்து வெளிய வர்றான். பதினோரு மணி. ஜூலை ஒன்றாம் தேதி. ஒவ்வொரு மாத முதல் நாளையும் போல, மாநிலம் முழுவதும் ஒரு மதுக்கடையும் திறக்காத நாள். இந்த வரியைத் தன் கையால் எழுதியிருக்கிறாள். அதுவும் அந்த அடைப்புக்காகவே முந்தின மாலை நான்கு மணி நேரம் நின்ற காலோடு. ஏன் உறைக்கவில்லை?

அவளுக்குத் தெரியும் ஏன் என்று. குடிகாரன் கடைக்குப் போனான் என்றால் யார் தேதியைப் பார்ப்பார்கள்? அப்பா செத்த அன்று வந்த போலீஸ்காரரும் இரண்டே வரி எழுதினார். அவளும் அதைப் படித்துத் தலையாட்டினாள்.

"அந்தப் பாட்டிலை எடுங்க சேட்டா. நீங்க அனுபவஸ்தர். என்ன தெரியுது?"

சசாங்கன் பிளாஸ்டிக் உறையோடு தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். முகம் மெல்ல மாறியது.

"கடைச் சரக்கு இல்ல மேடம் இது. நம்ம கடைப் பாட்டில்னா மூடி மேல பளபளன்னு அரசாங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கிழிச்சாத்தான் திறக்கும், பசைத் தடம் லேசுல போகாது. இதுல தடமே இல்ல. பட்டாளத்து கேன்டீன் சரக்கு. லேபிள்ல 'படையினருக்கு மட்டும்'னு போட்டிருக்கும். அதான் ஊறவெச்சு உரிச்சிருக்காங்க." பிறகு மெதுவாகச் சொன்னார்: "குடிக்கத் துடிக்கிறவன் உக்காந்து லேபிள் உரிக்க மாட்டான் மேடம். அவனுக்குப் பொறுமை இருக்காது. எனக்குத் தெரியும்."

"இலவுங்கல் வீட்டுக்கு உறவுல பட்டாளத்துக்காரர் யாராவது?"

"மாத்துக்குட்டியோட மாமனார். ஹவில்தார் குஞ்ஞவிரா."

கிழவர் போனில் உற்சாகமாகப் பேசினார். "ஆமாம், மாசா மாசம் என் கோட்டாவுல ஒரு ரம் மருமகனுக்குப் போகும். தோட்டத்துல மரம் வெட்ட வர்றவங்களுக்குக் கொடுக்க. அவன் தொட மாட்டான். அப்படி ஒரு மருமகன் கெடைக்க என் பொண்ணு புண்ணியம் செஞ்சிருக்கணும். போன ஞாயித்துக்கிழமைகூட வந்து வாங்கிட்டுப் போனான்."

ஜூலை 3, மதியம் 1.30.

முற்றத்தில் பந்தல் போட்டாகிவிட்டது. உடல் நான்கு மணிக்கு வரும். மாத்துக்குட்டி நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தான். அவனை உள்ளறைக்கு அழைத்தார்கள். ஏலியாம்மா கட்டிலில் இருந்தாள். எழுந்து போகச் சொன்னபோது மாட்டேன் என்றாள்.

"உங்க தம்பி பாட்டில் வாங்கினது எந்தத் தேதி?" என்றாள் அம்பிளி.

"முந்தாநாள்னு சொன்னேனே மேடம்."

"ஒண்ணாம் தேதி."

"ஆமாம்."

அவள் காத்திருந்தாள். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு சட்டென்று கண் அசைந்தது.

"குடிக்காதவங்களுக்கு ஒண்ணாம் தேதின்னா சம்பள நாள், பென்ஷன் நாள்" என்றாள். "குடிக்கிறவன் அந்த அடைப்பை ரத்தத்துல வெச்சிருப்பான். இந்த ஊர்ல அந்தப் பொய்யை ஒரு குடிகாரன்கூடச் சொல்லியிருக்க மாட்டான். உங்க ஒருத்தராலதான் சொல்ல முடியும், ஏன்னா உங்க வாழ்நாள்ல ஒரு தடவைகூட அந்தக் கடை வாசல்ல நின்னதில்ல. பாட்டில் உங்க மாமனாரோடது. ஞாயித்துக்கிழமை வாங்கினீங்க. லேபிளை உரிச்சீங்க. டாக்டர் உங்க தம்பியைக் காப்பாத்த நாலு விஷயம் சொன்னாங்க. அந்த நாலையும் ஒரே நாள்ல தலைகீழாச் செஞ்சீங்க."

"நான் தள்ளல" என்றான்.

"தள்ளல."

"அவன் வாயில ஊத்தல. மேசை மேல வெச்சேன், அவ்வளவுதான்." குரல் உயரவே இல்லை. கமிட்டிக் கூட்டத்தில் பேசுகிற மாதிரி பேசினான். "பதினஞ்சு வருஷம் வாந்தியைத் துடைச்சவன் நான். மூணு மாசம் சும்மா இருந்ததுக்கு வீடு அவனுக்கு. மீன் கறியில தலை அவனுக்கு. அச்சன் அவனைப் பிரசங்கத்துல புகழறார். என்னை யாராவது ஒரு நாள் புகழ்ந்தாங்களா, குடிக்காம இருந்ததுக்கு? ஒரு பரீட்சை வெச்சேன் மேடம். திருந்தினவனா இருந்தா கொட்டியிருக்கணும். கொட்டலையே. தோத்துட்டான்."

"தோத்தா என்ன ஆகும்னு உங்க நோட்டுல எழுதி வெச்சிருந்தீங்க."

அவன் முதல்முறையாக அம்மாவைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை.

சசாங்கன் அவன் முழங்கையைத் தொட்டார். "வா மாத்துக்குட்டி. பின்பக்கமா போயிடலாம். பந்தல்ல ஆள் இருக்கு."

மதியம் 2.15.

அறையில் இரண்டு பெண்கள் மட்டும். அம்பிளி தாளை விரித்தாள். போலீஸிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது; அவளிடம் இருப்பது ஒரு பொய்யும் ஒரு பாட்டிலும். வக்கீல் வந்தால், மரம் வெட்டுகிறவர்களுக்கு வைத்திருந்ததைத் தம்பி திருடிக் குடித்தான், தேதி எனக்குக் குழம்பிவிட்டது என்று மாற்றிச் சொல்ல முடியும். தொம்மிச்சன் தானாக இறங்கினானா, தள்ளாடி விழுந்தானா என்பது அவளுக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

"மோளே" என்றாள் ஏலியாம்மா. "நான் பாத்தேன்."

அம்பிளி பேனாவைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்குக் காலையில வண்டியில ஏறிட்டு, ஜெபமாலையை விட்டுட்டோம்னு எறங்கி வந்தேன். தொம்மி கொல்லையில குளிச்சிட்டிருந்தான், பாட்டு கேட்டுச்சு. ரூம்ல மேசை மேல பாட்டில் இருந்துச்சு. லேபிள் இல்லாத பாட்டில். பக்கத்துல தம்ளர். மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்னு நெனச்சேன். மூத்தவன் வெளிய ஹார்ன் அடிச்சான்."

"அப்புறம்?"

"எடுத்துக் கொட்டியிருக்கலாம். குரல் கொடுத்திருக்கலாம்." கிழவி கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "அலுப்பா இருந்துச்சு மோளே. போய்த் தொலையட்டும்னு தோணுச்சு. ஏறி உக்காந்துட்டேன். நாள் பூரா ஜெபம் பண்ணினேன்."

அந்த நினைப்பை அம்பிளியைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இருக்க முடியாது. அப்பாவுக்கு அது கேட்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

அவள் எழுதத் தொடங்கினாள். எட்டரைக்கு முன்பே மேசை மேல் பாட்டில். பதினோரு மணிக் கதை அதோடு முடிந்தது.

ஏலியாம்மாவின் கை தாளின் மேல் விழுந்தது. காய்ந்த, கனமில்லாத கை.

"இதை எழுதாதே. உன்கிட்ட மனசு ஆறச் சொன்னேன். பேப்பர்ல வேண்டாம். அவன் தற்கொலை பண்ணிக்கிட்டான்னு எழுது. தெம்மாடிக்குழியில போடட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கு மிச்சம் இருக்கிறது ஒருத்தன்தான். நாளைக்கு எனக்குக் கஞ்சி ஊத்த அவன்தான் இருக்கான். செத்தவனுக்கு இனி என்ன வேணும்? நீயும் ஒரு பொம்பளை. உனக்கும் வீட்டுல குடிகாரன் இருந்திருப்பான், மூஞ்சியைப் பாத்தா தெரியுது. உனக்குப் புரியும்."

"புரியுது அம்மச்சி" என்றாள் அம்பிளி.

வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். அவள் அந்தக் கையை மெல்லத் தூக்கி, கிழவியின் மடியிலேயே திரும்ப வைத்தாள்.

"எழுதாம இருக்க முடியாது" என்றாள். "ஹார்ன் அடிச்சப்போ மணி என்ன இருக்கும்?"